எத்திலீன் கிளைக்கால்: நூலாகும் திரவம்

கரூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



இந்த ஊரில் வேதியியல் பேச எந்தப் பொருளை எடுக்கலாம் என்று யோசித்தபோது ஒரு திரவம்தான் முன்னால் வந்து நின்றது. நீங்கள் ஏற்றுமதி செய்யும் திரைச்சீலையில் பாலியஸ்டர் நூல் இருந்தால் அதற்குள் அது இருக்கிறது. நீங்கள் பாடி கட்டி அனுப்பும் பஸ்ஸின் ரேடியேட்டரிலும் இருக்கிறது. புகளூர்ப் பக்கத்துக் கரும்பிலிருந்தும் அதைச் செய்ய முடியும். பெயர் எத்திலீன் கிளைக்கால். ஆலைகளில் எம்இஜி என்று சுருக்கிச் சொல்வார்கள். நான் கிளைக்கால் என்றே சொல்கிறேன்.

பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. நிறம் கிடையாது, வாடையும் இல்லையென்றே சொல்லலாம். தண்ணீரைவிடச் சற்றுக் கனம், கொஞ்சம் கொழகொழப்பு. 197 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், மைனஸ் 13இல் உறையும். இனிக்கவும் செய்யும். அந்த இனிப்பைப் பற்றிக் கடைசியில் நிறையப் பேச வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு, யாரும் அதை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

இந்தத் திரவம் எதற்கு உதவும் என்பதில் பாதியைத்தான் அதன் மூலக்கூறு தீர்மானிக்கிறது. மறுபாதியைத் தீர்மானிப்பது, பீப்பாயில் அதனோடு சேர்ந்து கிடக்கும் மற்றவை. அந்த மற்றவை பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. பல நேரம் அதிலும் பத்தில் ஒரு பங்குதான். நூல் வெள்ளையாக வருமா மஞ்சளாக வருமா, ரேடியேட்டர் தாங்குமா அரிக்குமா, குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து மருந்தாக இருக்குமா என்பதெல்லாம் அந்தச் சிறு பங்கில் தொங்குகிறது. நான் சொல்ல வந்தது இதுதான்.

மூலக்கூறிலிருந்து தொடங்குவோம். இரண்டே கார்பன் அணுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த முனை. அந்த முனையைக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாராயத்தில் இருக்கும் எத்தனாலுக்கு ஒரு கைதான். கிளைக்காலுக்கு இரு பக்கமும் இரண்டு கை. ஒற்றைக் கைக்காரன் இன்னொருவனைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. இரண்டு கைக்காரன் இந்தப் பக்கம் ஒருவனையும் அந்தப் பக்கம் ஒருவனையும் பிடிப்பான். எதிரே நிற்பவனுக்கும் இரண்டு கை இருந்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். பாலியஸ்டர் என்பது அந்த வரிசை. எதிரே நிற்பது டெரிப்தாலிக் அமிலம்: நடுவில் ஒரு பென்சீன் வளையம், எதிரெதிர் முனைகளில் இரண்டு அமிலக் கைகள். ஒவ்வொரு முறை இருவரும் கை கோக்கும்போதும் ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று வெளியே போகும்.

இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடிக்க ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்று கேட்கலாம். கிளைக்காலை முதலில் செய்தவர் பிரெஞ்சு வேதியியலர் சார்ல் அடால்ஃப் வூர்ட்ஸ். அது 1856ஆம் ஆண்டு. மூன்று ஆண்டு கழித்து எத்திலீன் ஆக்சைடையும் அவரே செய்தார். இன்றைக்கும் உலகத்தின் பெரும்பாலான கிளைக்கால் அந்த எத்திலீன் ஆக்சைடு வழியாகத்தான் வருகிறது. ஆனால் ஏறத்தாழ அறுபது ஆண்டு அது ஆய்வுக்கூட அலமாரிப் பொருளாகவே கிடந்தது. அதை வெளியே இழுத்தது துணியல்ல, வெடிமருந்து. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்பு தட்டுப்பட்டது. கொழுப்பு இல்லாவிட்டால் கிளிசரின் இல்லை, கிளிசரின் இல்லாவிட்டால் நைட்ரோகிளிசரின் இல்லை. கிளிசரினின் இடத்தில் கிளைக்காலை வைத்து நைட்ரேட் ஆக்கினார்கள். அதில் எதிர்பாராத லாபமும் கிடைத்தது. நைட்ரோகிளிசரின் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். உறைந்த டைனமைட்டை இளக்கப் போய்ச் சுரங்கங்களில் கை கால் போனவர்கள் உண்டு. கிளைக்காலில் செய்த வெடிமருந்து மைனஸ் 22 வரை உறையாது. இரண்டையும் கலந்த டைனமைட் குளிர்நாட்டுச் சுரங்கங்களில் பரவியதற்கு அதுவே காரணம்.

அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் கிளை நிறுவனம் மேற்கு வர்ஜீனியாவில் 1920களின் நடுவில் கிளைக்காலைத் தொழில் அளவில் செய்யத் தொடங்கியது. 1927இல் அதையே பிரெஸ்டோன் என்ற பெயரில், கார் ரேடியேட்டர் உறையாமலிருக்க ஊற்றும் திரவமாக விற்றது. அப்போதைய முறை குளோரினைத் தின்றது. தின்ற குளோரின் கால்சியம் குளோரைடுக் கழிவாக வெளியேறியது. 1931இல் தியோடர் லெஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர் குளோரின் இல்லாமலே, வெள்ளி வினையூக்கியின் மேல் எத்திலீனையும் ஆக்சிஜனையும் நேரடியாக இணைக்கலாம் என்று காட்டினார். 1937இல் அது ஆலையாயிற்று. எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த வெள்ளிக்கு மாற்று கிடைக்கவில்லை. நகைக்கடையில் வாங்கும் வெள்ளி ஒரு பக்கம் இருக்கட்டும். எத்திலீன் ஆக்சைடு ஆலைகள் வாங்கும் வெள்ளி தனிக்கணக்கு.

இனி நூலுக்கு வருவோம். நைலானைக் கண்டுபிடித்த வாலஸ் கரோதர்ஸ் 1930 வாக்கிலேயே பாலியஸ்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டார். அவர் எடுத்த அமிலங்களில் வளையம் இல்லை, நீண்ட வால் மட்டும். கிடைத்த இழை சுடுதண்ணீரிலேயே இளகியது. சரிப்படாது என்று நைலான் பக்கம் திரும்பினார். இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்து அக்ரிங்டனில், துணி அச்சடிப்பவர்கள் சங்கம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சனும் வேலை பார்த்தார்கள். கரோதர்ஸ் விட்ட இடத்தை வின்ஃபீல்டு கவனித்தார். வாலுக்குப் பதில் விறைப்பான, இரு பக்கமும் ஒரே மாதிரியான வளையத்தை வைத்தால் சங்கிலி அடுக்காகப் படியும், உருகுநிலை ஏறும் என்று கணித்தார். 1941இல் டெரிப்தாலிக் அமிலத்தையும் கிளைக்காலையும் சேர்த்து இழை இழுத்தார்கள். உருகுநிலை 260 டிகிரியை ஒட்டி வந்தது. போர்க்காலம் என்பதால் வெளியே தெரியவில்லை. பிறகு அது இங்கிலாந்தில் டெரிலின், அமெரிக்காவில் டேக்ரான். இந்தியாவில் 1960களின் நடுவில் மும்பையை அடுத்த தானேயில் உற்பத்தி தொடங்கியது, பெயர் டெரீன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் டெரிலின் சட்டை, டெரிகாட்டன் பேண்ட் என்று சொல்வது இந்தப் பரம்பரைதான். தேய்க்காமலே மடிப்பு நிற்கும் சட்டை என்பது அந்தக் காலத்தில் சம்பளம் வாங்குகிறவனின் அடையாளம். வெயில் காலத்தில் அதை அணிந்துகொண்டு பஸ்ஸில் நின்றவர்களின் கருத்து வேறு.

பாராட்டு முழுவதும் வளையத்துக்கே போகிறது. கிளைக்காலுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். இரண்டு கை உள்ள ஆல்கஹால்களில் இதைவிடக் குட்டை கிடையாது. குட்டையாக இருப்பதால் வளையங்கள் நெருக்கமாக நிற்கின்றன. கிளைக்காலை எடுத்துவிட்டு மூன்று கார்பன் உள்ள ஒன்றை வைத்தால் நூலில் சுருள் போன்ற நெகிழ்வு வரும், தரைவிரிப்புக்கு நல்லது. நான்கு கார்பன் வைத்தால் அச்சில் சீக்கிரம் இறுகும் பிளாஸ்டிக் கிடைக்கும். உங்கள் பஸ்ஸின் ஒயர் கனெக்டர்கள் பெரும்பாலும் அந்த வகை. சட்டைக்கும் பாட்டிலுக்கும் இரண்டு கார்பன்தான் ஈடு கொடுக்கிறது. பாட்டில் என்றதும் நினைவுக்கு வருகிறது: சோடாவின் அழுத்தம் தாங்கும் பெட் பாட்டிலுக்கு 1973இல் காப்புரிமை பெற்ற நதானியேல் வையெத், புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரூ வையெத்தின் அண்ணன். வீட்டில் ஒருவர் வரைந்தார், ஒருவர் ஊதினார்.

ஆலையில் நடப்பது என்ன? ஒரு கிலோ பாலியஸ்டருக்கு ஏறத்தாழ 860 கிராம் டெரிப்தாலிக் அமிலமும் 340 கிராம் கிளைக்காலும் போகின்றன. கூட்டினால் ஒரு கிலோவைத் தாண்டும். மிச்சம் தண்ணீராகக் கழன்றுவிடுகிறது. அமிலம் வெள்ளைப் பொடி, அதைக் கிளைக்காலில் கரைசாந்தாகக் குழைத்து 250 டிகிரிக்கு மேல் சூடாக்குவார்கள். முதலில் குட்டைத் துண்டுகள் உண்டாகும். பிறகு 280 டிகிரியை ஒட்டிய சூட்டில், கிட்டத்தட்ட முழு வெற்றிடத்தில், ஆண்டிமனி வினையூக்கியோடு துண்டுகளை ஒன்றோடொன்று கோப்பார்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. துண்டுகளின் இரு முனையிலும் கிளைக்கால் நிற்கிறது. இரண்டு துண்டு இணையும்போது ஒரு கிளைக்கால் விடுபட வேண்டும். அதை வெற்றிடத்தால் உறிஞ்சி எடுத்தால்தான் சங்கிலி வளரும். அதாவது உள்ளே ஊற்றிய கிளைக்காலில் ஒரு பகுதியை மறுபடி வெளியே எடுப்பதுதான் பாலியஸ்டர் செய்வது. எடுத்ததைச் சுத்தம் செய்து முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புவார்கள். வெற்றிடம் சற்றுக் குறைந்தாலும் சங்கிலி குட்டையாகிவிடும். குட்டைச் சங்கிலியில் இழுத்த நூல் உங்கள் தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

இப்போது அந்தச் சிறு பங்குக்கு வருகிறேன். எத்திலீன் ஆக்சைடைத் தண்ணீரோடு சேர்த்தால் கிளைக்கால். ஆனால் பிறந்த கிளைக்காலுக்கும் கை உண்டு; அது தண்ணீரை முந்திக்கொண்டு இன்னொரு எத்திலீன் ஆக்சைடைப் பிடித்துவிடும். அப்போது கிடைப்பது டைஎத்திலீன் கிளைக்கால். அதுவும் மேலே பிடித்தால் டிரைஎத்திலீன் கிளைக்கால். இதைத் தடுக்க ஒரு மூலக்கூறு ஆக்சைடுக்கு இருபது மூலக்கூறு அளவில் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். அப்படியும் சுமாராக நூற்றுக்குத் தொண்ணூறு கிளைக்கால், ஒன்பது டைஎத்திலீன், ஒன்று டிரைஎத்திலீன் என்று வரும். பிறகு அந்தத் தண்ணீரையெல்லாம் ஆவியாக்க வேண்டும். கிளைக்கால் ஆலையின் நீராவிச் செலவில் பெரும் பங்கு, நாமே ஊற்றிய தண்ணீரை நாமே விரட்டுவதற்குத்தான். கார்பன் டை ஆக்சைடை இடையில் வைத்து எத்திலீன் கார்பனேட் வழியாகப் போகும் புதிய முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் கிளைக்காலே கிடைக்கிறது; 2008இல் தென்கொரியாவில் அதன் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. பழைய ஆலைகள் பழைய வழியில்தான் ஓடுகின்றன.

அந்த ஒன்பது பங்கை வடித்துப் பிரித்த பிறகு, நூல் ஆலைக்குப் போகும் கிளைக்கால் 99.9 சதவீதத் தூய்மையாக இருக்க வேண்டும். அதுவும் போதாது. நூல்தரக் கிளைக்காலை வாங்குகிறவர்கள் அதனூடே புற ஊதா ஒளியைச் செலுத்திப் பார்ப்பார்கள்: 220, 275, 350 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைநீளங்களில் எவ்வளவு ஒளி மறுபக்கம் வருகிறது என்று. கண்ணுக்குக் கண்ணாடி போல் தெரியும் திரவம் அந்தச் சோதனையில் தோற்றுப்போகும். ஆல்டிஹைடு போன்ற சில பொருள்கள் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே அந்த ஒளியை விழுங்கிவிடும். அவையே 280 டிகிரிச் சூட்டில் நூலை மஞ்சளாக்கும். சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும், வெளிர்நீலச் சாயத்தை மஞ்சள் அடித்த நூலில் ஏற்றினால் என்ன நிறம் வருமென்று.

டைஎத்திலீன் கிளைக்கால் வடித்துப் பிரித்த பிறகும் ஒழிந்துபோவதில்லை. பாலியஸ்டர் செய்யும் அதே சூட்டில் இரண்டு கிளைக்கால்கள் தமக்குள் கை கோத்து அங்கேயே அது பிறந்துகொள்ளும். சங்கிலியின் நடுவில் அது உட்கார்ந்தால் உருகுநிலை இறங்கும், ஆனால் சாயம் சற்று எளிதாக ஏறும். அளவு கூடக் குறைய இருப்பதைவிட, ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் மாறுவதுதான் தலைவலி. ஒரே துணியில் பட்டை பட்டையாகச் சாயம் பிடித்தால் எல்லோரும் சாயப்பட்டறையைத் திட்டுகிறோம். சில நேரம் குற்றம் நூல் ஆலையின் உலைக்குள் நடந்திருக்கும்.

பஸ்காரர்கள் பொறுமையாக இருக்கிறீர்கள். ரேடியேட்டருக்கு வருவோம். சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13இல் உறையும் என்றேன். சுத்தமான தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும். சரிபாதி கலந்தால் நடுவில், ஏதோ மைனஸ் ஆறில் உறைய வேண்டும் என்றுதான் தோன்றும். உறைவது மைனஸ் 37இல். தண்ணீர் பனிக்கட்டியாக அடுக்குவதற்குக் கிளைக்கால் குறுக்கே நிற்கிறது. கிளைக்கால் அடுக்குவதற்குத் தண்ணீர் குறுக்கே நிற்கிறது. இருவரும் ஒருவரையொருவர் உறையவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆகவே காசு இருக்கிறதென்று முழுக்கக் கிளைக்காலாகவே ஊற்றுகிறவர் குளிரிலும் நஷ்டப்படுகிறார், வெப்பத்திலும் நஷ்டப்படுகிறார். ஏனென்றால் ஒரு டிகிரி ஏறுவதற்குத் தண்ணீர் வாங்கும் வெப்பத்தில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கிளைக்கால் வாங்கும்.

கரூரில் பனி விழாதே, இங்கே எதற்கு அது என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, பாதிக்குப் பாதி கலவை திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் அழுத்தத்தோடு இன்னும் மேலே போகும். கொல்லிமலை வளைவுகளில் ஏறும் வண்டிக்கு அது பெரிய உதவி. இரண்டாவதுதான் முக்கியம், அது கிளைக்காலே அல்ல: அதனோடு சேர்க்கும் அரிப்புத் தடுப்பான்கள். சிலிகேட், பாஸ்பேட், சில கரிம அமில உப்புகள் என்று நூற்றுக்குச் சில பங்கு. கிளைக்கால் சூட்டிலும் காற்றிலும் வருடக்கணக்கில் சுற்றும்போது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாகிறது. தடுப்பான்கள் அந்த அமிலத்தைத் தாங்கிக்கொண்டு தாமே தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பிறகு அதே திரவம் அலுமினியத்தையும் சாலிடரையும் தின்னத் தொடங்கும். கூலண்ட்டைக் குறிப்பிட்ட காலத்தில் மாற்றச் சொல்வது கிளைக்கால் கெட்டுவிட்டது என்பதால் மட்டுமல்ல, காவலாள் போய்விட்டான் என்பதாலும்தான். பச்சை, நீலம், இளஞ்சிவப்பு என்ற நிறங்களை நம்பி ஒன்றோடொன்று கலக்காதீர்கள். நிறம் கம்பெனி கம்பெனிக்கு வேறு. உள்ளே எந்தத் தடுப்பான் என்பதற்கு அது உத்தரவாதமல்ல.

இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினின் ஆரம்ப வகைகள் முழுக் கிளைக்காலையே சுற்றவிட்டன. சூடாகவே ஓடட்டும், ரேடியேட்டரைச் சின்னதாக்கலாம் என்ற கணக்கு. ஆனால் கிளைக்கால் எரியும். பிந்தைய வகைகளில் எழுபது பங்கு தண்ணீர், முப்பது பங்கு கிளைக்கால் என்று மாற்றி, அமைப்பை அழுத்தத்தில் ஓட்டினார்கள். உங்கள் வண்டியில் இன்று இருப்பது அந்தப் புத்திதான்.

உறையவிடாத இதே வேலையைக் கிளைக்கால் கடலுக்கடியிலும் செய்கிறது. நார்வேயின் வடகோடியில் ஸ்னோவிட் என்ற எரிவாயு வயல் கடலுக்கடியில் இருக்கிறது. வாயு 143 கிலோமீட்டர் குழாயில் கரைக்கு வருகிறது. உயர் அழுத்தத்தில் மீத்தேனும் ஈரமும் சேர்ந்தால் பூஜ்ஜியத்துக்கு மேலேயே பனி போன்ற திடப்பொருள் உண்டாகிக் குழாயை அடைத்துவிடும். ஆகவே கரையிலிருந்து தனிக் குழாயில் கிளைக்காலைக் கடலடிக்கு அனுப்பி, வாயுவோடு கலந்து திரும்ப வரவைத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து நீக்கி, மறுபடி அனுப்புகிறார்கள். அங்கே அவர்களுக்குப் பகை ஆல்டிஹைடு அல்ல, உப்பு. கடலடித் தண்ணீரின் உப்பு ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகும். அதைப் பிரிக்கத் தனி ஆலைப் பகுதியே வேண்டும். ஒரே திரவம், ஒவ்வோர் இடத்தில் ஒவ்வோர் அழுக்கு. விமான இறக்கைகளில் படிந்த பனியைக் கரைக்கச் சூடாகப் பீய்ச்சுவதும், மின்சுற்றுகளில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் போரிக் அமில உப்போடு அடைத்து வைத்திருப்பதும் இதையே. அவற்றையெல்லாம் விரித்தால் நேரம் போதாது. மொத்தத்தில், ஆண்டுக்கு மூன்று கோடி டன்னுக்கு மேல் செலவாகும் கிளைக்காலில் பெரும்பகுதி நூலுக்கும் பாட்டிலுக்கும் போகிறது. மற்றதெல்லாம் மிச்சத்தில் பங்கு போடுகின்றன.

எதிலிருந்து செய்கிறார்கள் என்பது அடுத்த விஷயம். உலகத்தில் பெரும்பாலும் நாப்தாவை அல்லது எரிவாயுவை உடைத்துக் கிடைக்கும் எத்திலீன். சீனாவுக்கு எண்ணெய் குறைவு, நிலக்கரி நிறைய. 2009இல் உள்மங்கோலியாவின் டோங்லியாவில் நிலக்கரியிலிருந்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் செய்யும் ஆலையைத் தொடங்கினார்கள். எத்திலீனே கிடையாது; கார்பன் மோனாக்சைடை ஆக்சலேட் ஆக்கி, அதற்கு ஹைட்ரஜன் ஏற்றுவது. திரவம் வந்தது, தூய்மையும் 99.9ஐத் தொட்டது. ஆனால் நான் சொன்ன புற ஊதாச் சோதனையில் ஆரம்ப காலத்துச் சரக்கு திணறியது. நூல் ஆலைகள் அதைத் தனியாக ஊற்றப் பயந்து, எண்ணெயிலிருந்து வந்த கிளைக்காலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பயன்படுத்தின. மூலக்கூறு ஒன்றுதான், அது வந்த வழியின் வாசனை அந்தக் கடைசிச் சொட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நம் நாட்டில் வேறொரு வழி இருக்கிறது. உத்தரகாண்டின் காசிப்பூரில் 1989 முதல் மொலாசஸிலிருந்து கிளைக்கால் செய்கிறார்கள். சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸைப் புளிக்கவைத்தால் சாராயம். சாராயத்திலிருந்து தண்ணீரைப் பிடுங்கினால் எத்திலீன். அப்புறம் பழைய பாதை. 2009இல் கொக்கோ கோலா நிறுவனம் தாவரத்திலிருந்து வந்தது என்று விளம்பரப்படுத்திய பாட்டிலில் முப்பது சதவீதம் வரைதான் தாவரம் என்று சொன்னதன் காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்: பாலியஸ்டரில் கிளைக்காலின் பங்கு அவ்வளவுதான். மீதி டெரிப்தாலிக் அமிலம், அது எண்ணெயிலிருந்து வந்தது. கரும்புக் கிளைக்காலையும் எண்ணெய்க் கிளைக்காலையும் எந்த உலையும் வேறுபடுத்தாது. பழங்காலப் பொருள்களின் வயதைச் சொல்லும் கார்பன் 14 சோதனைதான் வேறுபடுத்தும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டு கிடந்த எண்ணெயில் அந்தக் கார்பன் தீர்ந்துபோயிருக்கும், போன வருடக் கரும்பில் இருக்கும். புகளூரில் இதைச் செய்யலாமே என்று கேட்கும் இளைஞர்களுக்கு என் பதில்: வேதியியல் தடையல்ல, பெட்ரோல் தடை. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்கும் நாட்டில் சாராயத்தை எண்ணெய்க் கம்பெனி வாங்கிக்கொள்கிறது. அந்த விலைக்கு வாங்கி நூல் செய்தால் கட்டுப்படியாகாது.

மறுசுழற்சியில் கரூருக்குப் பெயர் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த, பழைய பாட்டில்களிலிருந்து செய்த மேலங்கியின் துணி இந்த ஊர் நிறுவனம் ஒன்று கொடுத்தது. பாட்டிலைக் கழுவி, நறுக்கி, உருக்கி, நூலாக இழுக்கிறீர்கள். பாட்டிலில் சங்கிலி நீளம், நூலில் அவ்வளவு நீளம் வேண்டாம். ஆகவே உருக்கும்போது கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. ஆனால் நறுக்கிய துண்டை நன்றாக உலர்த்தாமல் உருக்கினால், கை கோத்தபோது கழன்றுபோன அதே தண்ணீர் திரும்ப வந்து கைகளைப் பிரித்துவிடும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு ஈரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதனால்தான். நூலிலிருந்து மறுபடி பாட்டிலுக்கோ, சாயம் போட்ட பழந்துணியிலிருந்து வெள்ளை நூலுக்கோ போக உருக்குவது போதாது. அப்போது கிளைக்காலையே ஊற்றிச் சங்கிலியை வெட்டுவார்கள். ஏறத்தாழ 190 டிகிரியில், துத்தநாக அசிடேட் போன்ற வினையூக்கியோடு, அதிகக் கிளைக்கால் ஊற்றினால் சங்கிலி பழைய குட்டைத் துண்டாகிவிடும். அதை வடித்துச் சுத்தம் செய்து மறுபடி கோக்கலாம். சுத்தம் செய்யும் செலவுதான் இன்றுவரை அதன் எதிரி.

கடைசியாக, இனிப்பு.

கிளைக்கால் உடம்புக்குள் போனால் சாராயத்தைச் செரிக்கும் அதே நொதி அதைப் பிடித்து, படிப்படியாக ஆக்சாலிக் அமிலமாக்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். அந்த நொதியை வேறு வேலையில் மாட்டிவிட்டால் தப்பிக்கலாம் என்பதால், ஒரு காலத்தில் மருத்துவமனையில் கொடுத்த மாற்றுமருந்து எத்தனாலேதான். இன்று அதற்கென்று தனி மருந்து உண்டு. தங்கை டைஎத்திலீன் கிளைக்கால் வேறு வழியில் அதே சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இருவரும் கிளிசரினைப் போலவே, புரொப்பிலீன் கிளைக்காலைப் போலவே இனிப்பும் கொழகொழப்பும் உள்ளவர்கள். அந்தப் பிந்தைய இரண்டும்தான் இருமல் மருந்தில் சேர்க்கத் தக்கவை. விலை கூடியவையும் அவைதான்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. நம் சென்னையில் 1970களின் தொடக்கத்தில் குழந்தைகள் இதே விஷத்தால் இறந்தார்கள். 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 14 பேர். நீதிபதி லென்டின் விசாரணை நடத்தினார். 2022இல் காம்பியாவில் எழுபது பேர் அளவில், எல்லாம் குழந்தைகள். மருந்து போனது இந்தியாவிலிருந்து. 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள். அந்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் அதில் கண்ட டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். அனுமதி 0.1 சதவீதம்.

அந்த 0.1ஐ மறுபடி கவனியுங்கள். நூல் ஆலை 99.9 கேட்டது, மருந்து விதி 0.1க்கு மேல் கூடாது என்கிறது. எண்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்பக்கம், கண்டிப்பு ஒன்றுதான். ஆனால் கண்டிப்பு நடைமுறையில் ஒன்றாக இல்லை. பாலியஸ்டர் ஆலைக்கு வரும் டேங்கர் லாரி, மாதிரி எடுத்து, புற ஊதாச் சோதனை முடிந்து, ஆய்வக முடிவு வந்த பிறகுதான் குழாயை மாட்டும். சட்டை மஞ்சளானால் கோடிக்கணக்கில் நஷ்டம் என்று முதலாளிக்குத் தெரியும். சிறு மருந்துக் கம்பெனிக்கு வரும் பீப்பாய் பல வியாபாரிகள் கைமாறி வருகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு சீட்டு மாறலாம். அடர்த்தி பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காஞ்சிபுரம் விவகாரத்தில் வாங்கப்பட்டது மருந்துத் தரம் அல்லாத புரொப்பிலீன் கிளைக்கால் என்றும், அது சோதிக்கப்படவில்லை என்றும் ஆய்வு செய்த அதிகாரிகள் எழுதினார்கள்.

கண்டுபிடிக்க முடியாத விஷயமா இது? இல்லை. வாயு நிறப்பகுப்புக் கருவியில் ஒரு சொட்டு செலுத்தினால் ஒவ்வொன்றும் தனித்தனி முகடாக நிற்கும். கருவி வாங்க வசதியில்லாத இடத்தில் மெல்லிய சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு புள்ளி வைத்து, கரைப்பானில் ஏறவிட்டுப் பார்க்கலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களே செய்யக்கூடியது. 2025 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதினார்: மருந்தில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு தொகுதியாகச் சோதித்த பிறகே பயன்படுத்துவதை உறுதி செய்யுங்கள் என்று. புது விதி ஒன்றும் போடவில்லை. விதி ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது.